பட்டாளத்துக்காரர் மார்பில் இருக்கும் மெடல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்திய ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்து ஹவில்தாராகவோ சுபேதாராகவோ (இரண்டும் அதிகாரிகளுக்குக் கீழே உள்ள ரேங்க்) வெளியே வருகிற ஒருவர், விழாவுக்குக் கிளம்பும்போது மார்பில் ஏழெட்டு மெடல் தொங்கும். பார்க்கிறவர்களுக்கு எல்லாமே வீரப் பதக்கம்தான். 'இத்தனை மெடலா, எத்தனை பேரைச் சுட்டீங்க?' என்று சின்னப் பையன்கள் வாய்விட்டுக் கேட்பார்கள். பெரியவர்கள் மனசுக்குள் கேட்டுக்கொள்வார்கள். யூனிட் ஆபீசில் கிளார்க்காக உட்கார்ந்து இந்த மெடல் கணக்கை எழுதிய காலத்திலிருந்து, பென்ஷன் வாங்குகிற இன்றுவரை என்னிடம் வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு ஜவானின் மெடல்களில் பெரும்பாலானவை அவர் எங்கே இருந்தார், எவ்வளவு காலம் இருந்தார் என்பதைத்தான் சொல்லும். அங்கே என்ன செய்தார் என்று சொல்பவை வெகு சில. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிக் கேள்வி தீர்ந்தது.

ஒரு சாதாரண ஜவானுக்கு இத்தனை மெடல் எப்படிச் சேருகிறது?

ஒருவர் 1998 தொடக்கத்தில் சேர்ந்து, 2022 கடைசியில் ஹவில்தாராக வெளியே வந்தார் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி முடித்து யூனிட்டுக்குப் போன கொஞ்ச நாளிலேயே கார்கில் வந்துவிடுகிறது. அவருடைய யூனிட் போர் நடந்த பகுதிக்குள் இருந்திருந்தால் ஆபரேஷன் விஜய் ஸ்டார். அந்த நேரத்தில் வேறு இடத்தில் அணிதிரட்டப்பட்டிருந்தால் ஆபரேஷன் விஜய் மெடல். 2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றம் தாக்கப்பட்டது; அதன் பிறகு எல்லையில் மாதக்கணக்கில் படை நின்றதே, அதற்கு ஆபரேஷன் பராக்கிரம் மெடல். 2007-ல் 9 ஆண்டு நீண்ட சேவை மெடல். நடுவில் ஒரு தடவை சியாச்சின் போயிருந்தால் சியாச்சின் கிளேசியர் மெடல். 9,000 அடிக்கு மேலே போதுமான நாள் இருந்ததற்கு உயர்மலைச் சேவை மெடல். சண்டை இல்லாவிட்டாலும் கடினமான பகுதியில் பணி செய்ததற்குச் சைன்ய சேவா மெடல். தீவிரவாத எதிர்ப்புப் பணியில் இருந்ததற்கு ஸ்பெஷல் சர்வீஸ் மெடல். 2018-ல் 20 ஆண்டு மெடல். 2022 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்ததற்காகச் சுதந்திரத்தின் 75-ஆம் ஆண்டு மெடல்.

எண்ணிப் பாருங்கள், ஒன்பதாகிவிட்டது. இதில் ஒன்றுகூட வீர விருது இல்லை. ஆனால் இந்த ஒன்பதையும் வரிசையாகப் படித்தால் அந்த மனிதனின் 24 வருடமும் தெரிந்துவிடும். இன்னொரு வேடிக்கை: சுதந்திரத்தின் 50-ஆம் ஆண்டு மெடல் 1997 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்குத்தான். இவர் சில மாதம் தாமதமாகச் சேர்ந்ததால் அது கிடையாது. அவரைவிட ஆறு மாதம் மூத்த ஜவான் ஒருவர் அதை வைத்தே ஆயுள் முழுக்கச் சீனியாரிட்டி காட்டுவார்.

அப்படியென்றால் இவை 'சும்மா கிடைக்கிற' மெடல்களா?

இந்த வார்த்தையை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் சியாச்சின் போனவர்கள் இல்லை.

1984 ஏப்ரல் 13 அன்று ஆபரேஷன் மேகதூத் தொடங்கியதிலிருந்து அந்தப் பனிப்பாறையில் நம் ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே எதிரியின் குண்டில் இறந்தவர்களைவிடக் குளிரிலும் பனிச்சரிவிலும் இறந்தவர்கள்தான் அதிகம். உயரத்தில் மூச்சுக் காற்று குறைந்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். உடனே கீழே இறக்காவிட்டால் ஆள் பிழைப்பது கஷ்டம். வெறும் கையால் துப்பாக்கி இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். கயிற்றில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும், ஏனென்றால் பனிக்கு அடியில் பிளவு எங்கே இருக்கிறது என்று மேலே இருந்து தெரியாது. இத்தனைக்கும் நடுவே ஒரு சண்டையும் செய்யாமல், காவல் நின்று, விரல்கள் எல்லாம் பத்திரமாக இறங்கி வந்தவருக்குக் கிடைப்பதுதான் அந்த மெடல். சும்மா கிடைத்தது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நீண்ட சேவை மெடலும் அப்படித்தான். வருடம் ஓடினால் போதாது, நடத்தையும் சுத்தமாக இருக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கையில் மாட்டினால் பதிவேட்டில் சிவப்பு மையில் ஏறும். 'ரெட் இங்க் என்ட்ரி' என்போம். லீவு முடிந்து நாலு நாள் தாமதமாக வந்ததுகூட அப்படி ஏறலாம். அதெல்லாம் இல்லாமல் 20 வருடம் ஓட்டுவது சாதாரணம் இல்லை. இதே வகையில் மெரிட்டோரியஸ் சர்வீஸ் மெடல், நீண்ட சேவை மற்றும் நன்னடத்தை மெடல் என்று இரண்டு உண்டு. இவை எல்லோருக்கும் வராது, அளவாகத்தான் கொடுப்பார்கள். அதனால் விவரம் தெரிந்தவர்கள் அவற்றை மரியாதையோடு பார்ப்பார்கள்.

இந்தக் கணக்கை யார் எழுதுகிறார்கள்? தானாக வந்துவிடுமா?

தானாக வராது. ஒரு மெடலுக்கான தகுதி வந்ததும் யூனிட் அதைப் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற தினசரி உத்தரவில் வெளியிட வேண்டும். ஜவானின் திருமணம், குழந்தை பிறப்பு, பதவி உயர்வு எல்லாம் ஏறுகிற அதே உத்தரவுதான். அது ரெக்கார்ட் ஆபீசுக்குப் போய் அவருடைய பதிவில் ஏறினால்தான் மெடல் உண்டு. யூனிட் இடம் மாறும் குழப்பத்தில் ஓர் உத்தரவு விட்டுப்போனால், ஆள் சியாச்சினில் இருந்தது உண்மை, ஆனால் காகிதத்தில் இல்லை என்ற நிலை வரும். சர்வீசில் இருக்கிற தம்பிகளுக்குச் சொல்வது இதுதான்: லீவுக்கு வரும் முன்னால் உங்கள் பதிவைக் கேட்டு வாங்கி ஒரு தடவை பாருங்கள். டிஸ்சார்ஜ் புக் கைக்கு வந்த பிறகு திருத்துவது பெரிய அலைச்சல்.

எது வீர விருது? பரம் வீர் சக்ராவுக்கும் அசோக சக்ராவுக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டு வரிசை இருக்கிறது. எதிரியின் எதிரே நின்று காட்டிய வீரத்துக்கு: பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா. இவை 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லும் என்று அறிவிக்கப்பட்டன. எதிரியோடு நேரடிப் போர் அல்லாத சூழலில், உதாரணமாகத் தீவிரவாதிகளை எதிர்கொள்ளும்போது காட்டிய வீரத்துக்கு: அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா. 1952-ல் தொடங்கியபோது இவை அசோக சக்ரா முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்றுதான் இருந்தன. 1967-ல் இப்போதைய பெயர்கள் வந்தன. இந்த இரண்டாம் வரிசை பொதுமக்களுக்கும் உண்டு. 1986-ல் விமானக் கடத்தலின்போது பயணிகளைக் காப்பாற்றி உயிர்விட்ட நீரஜா பனோட்டுக்கு வழங்கப்பட்டது அசோக சக்ராதான்.

ஆகவே அசோக சக்ரா 'கொஞ்சம் சின்ன' பரம் வீர் சக்ரா அல்ல. சூழல் வேறு, உயரம் ஒன்றுதான்.

பரம் வீர் சக்ராவைக் கையில் வைத்துப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும் என்று சிலர் சொல்வதுண்டு. தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை, வெண்கலம். ஒன்றரை அங்குலம்கூட வராது. நடுவில் அரசுச் சின்னம், சுற்றிலும் இந்திரனின் வஜ்ராயுதம் நான்கு, ஊதா நிற ரிப்பன். வடிவமைத்தவர் சாவித்ரி கானோல்கர். ஐரோப்பாவில் பிறந்து, இந்திய ராணுவ அதிகாரியை மணந்து, இந்தியராகவே வாழ்ந்தவர். முதல் விருதைப் பெற்ற மேஜர் சோம்நாத் சர்மா, சாவித்ரியின் மகளுடைய புகுந்த வீட்டுக்காரர்; மருமகனின் அண்ணன். 1947 நவம்பர் 3 அன்று பட்காமில் உயிர்விட்டார்.

இதுவரை பரம் வீர் சக்ரா 21 பேருக்குத்தான் கிடைத்திருக்கிறது. அதில் 14 பேர் இறந்த பிறகு பெற்றவர்கள்.

இந்த விருதுகள் அதிகாரிகளுக்குத்தான் கிடைக்குமா?

இல்லை. கார்கிலில் டைகர் ஹில் ஏறும்போது உடம்பில் பல குண்டுகளை வாங்கிக்கொண்டு மேலே போன யோகேந்திர சிங் யாதவுக்கு அப்போது வயது 19. கிரெனேடியர், அதாவது சிப்பாய் ரேங்க். அதே போரில் ரைபிள்மேன் சஞ்சய் குமாரும் பெற்றார். 1987-ல் சியாச்சினில் பாகிஸ்தானின் 'காயித்' காவல் நிலையைப் பிடித்த பானா சிங், நாயப் சுபேதார். அந்த முகடுக்கே இப்போது பானா டாப் என்றுதான் பெயர். இதில் ரேங்க் பார்ப்பதில்லை.

ஆனால் சேவைச் சிறப்புக்கான வரிசை வேறு. பரம் விசிஷ்ட சேவா மெடல், அதி விசிஷ்ட சேவா மெடல் போன்றவை பெரும்பாலும் மூத்த அதிகாரிகள் மார்பில்தான் இருக்கும். ஜெனரல் ஒருவர் நான்கைந்து வரிசை ரிப்பன் அணிந்திருந்தால் மேல் வரிசையை உற்றுப் பாருங்கள். வீரத்துக்கானதும் நிர்வாகத்துக்கானதும் கலந்திருக்கும்.

தமிழர்களில் யார் யார் பெற்றிருக்கிறார்கள்?

முழுப் பட்டியல் போட்டால் இந்தப் பக்கம் தாங்காது. சிலரை மட்டும் சொல்கிறேன்.

மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், மகார் ரெஜிமென்ட்டின் 8-ஆம் பட்டாலியன். அமைதிப்படையோடு இலங்கை போனவர். 1987 நவம்பர் 25 அன்று தேடுதல் முடித்துத் திரும்பும்போது அவருடைய அணி பதுங்கித் தாக்கப்பட்டது. நெருங்கி நடந்த சண்டையில், குண்டடி பட்ட பிறகும் எதிராளியின் துப்பாக்கியைப் பறித்து அவரையே சுட்டார். சாகும்வரை தன் ஆட்களுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தார் என்கிறது விருதுக் குறிப்பு. பரம் வீர் சக்ரா. அந்தப் போரைப் பற்றித் தமிழர்கள் மத்தியில் வேறு வேறு கருத்து உண்டு, அது தனிக் கதை.

மேஜர் மாரியப்பன் சரவணன், திருச்சிக்காரர், பீகார் ரெஜிமென்ட். கார்கில் போரின் தொடக்கத்தில், 1999 மே மாதக் கடைசியில், பட்டாலிக் பகுதியில் உயிர்விட்டார். வீர் சக்ரா.

மேஜர் முகுந்த் வரதராஜன், 44 ராஷ்டிரிய ரைபிள்ஸ். 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீர் சோபியான் மாவட்டத்தில் தீவிரவாதிகளுடன் நடந்த மோதலில் உயிரிழந்தார். அசோக சக்ரா. 2015 குடியரசு தினத்தில் அவர் மனைவி பெற்றுக்கொண்டார்.

ஹவில்தார் கே. பழனி, ராமநாதபுரம் மாவட்டம், பீரங்கிப் படை. 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் துப்பாக்கி சுடாமலே கைகலப்பாக நடந்த மோதலில் உயிர்விட்டவர். வீர் சக்ரா.

இந்த நால்வரில் ஒருவர்கூட மதராஸ் ரெஜிமென்ட் இல்லை என்பதைக் கவனியுங்கள். தமிழ்நாட்டுப் பையன்கள் எல்லாம் அந்த ரெஜிமென்ட்டின் மையமான நீலகிரி வெலிங்டன் போய் 'வீர மதராசி, அடி கொல்லு' என்று முழங்குகிறவர்கள்தான் என்றொரு நினைப்பு இருக்கிறது. பெங்களூரில் 'தம்பி' என்று செல்லப்பெயர் எடுத்த மதராஸ் சாப்பர்கள் (பொறியாளர் படை), பீரங்கி, சிக்னல்ஸ், மருத்துவப் படை என எல்லா இடத்திலும் நம் ஆட்கள் உண்டு.

சேனா மெடல் வீரத்துக்கா, சேவைக்கா?

இரண்டுக்கும். இதில்தான் அதிகக் குழப்பம். 1960-ல் தொடங்கிய சேனா மெடலைத் துணிச்சலான செயலுக்கும் கொடுப்பார்கள், சிறப்பான கடமைக்கும் கொடுப்பார்கள். சிவப்பு ரிப்பன், நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு. இரண்டுக்கும் ஒரே மாதிரி. மார்பைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. அரசிதழ் அறிவிப்பைப் பார்த்தால்தான் தெரியும். மாதாந்திரப் படி வீரத்துக்காகப் பெற்றவருக்கு மட்டுமே. என்னைக் கேட்டால் இதற்கு இரண்டு ரிப்பன் வைத்திருக்கலாம். இரவு நேர மோதலில் முன்னால் போன நாயக் ஒருவரும், ஆபீசில் அருமையாகக் கோப்பு பார்த்தவரும் ஒரே பட்டையோடு நிற்பது எனக்கு இன்றும் உறுத்தல்தான். கோப்பு பார்த்தவன் சொல்கிறேன்.

கடற்படையில் இதற்கு இணை நவ் சேனா மெடல், விமானப்படையில் வாயு சேனா மெடல்.

வீர விருதுக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பது எப்படி? விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிக்க முடியாது. சம்பவம் நடந்த பிறகு யூனிட்டின் கமாண்டிங் ஆபீசர் விருதுக் குறிப்பு எழுதுவார். என்ன தேதி, எந்த இடம், வெளிச்சம் எப்படி, யார் எங்கே நின்றார், பார்த்தவர் யார் என்று எல்லாம் அதில் வர வேண்டும். அது பிரிகேட், டிவிஷன், கோர், கமாண்ட் என்று படிப்படியாக மேலே போகும். ஒவ்வொரு படியிலும் ஏற்கலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். கீர்த்தி சக்ராவுக்கு எழுதினது சௌர்ய சக்ராவாக வருவதும், அது சேனா மெடலாக வருவதும் நடப்பதுதான். ராணுவத் தலைமையகம், பாதுகாப்பு அமைச்சகம் தாண்டிக் குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு குடியரசு தினம் அல்லது சுதந்திர தினத்தை ஒட்டி அறிவிப்பு வரும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனம் இருக்கிறது. பார்த்த சாட்சி யாரும் உயிரோடு திரும்பாவிட்டால் குறிப்பு எழுத ஆள் இல்லை. நன்றாக எழுதத் தெரிந்த கமாண்டிங் ஆபீசர் வாய்த்த யூனிட்டுக்கு விருது கூடுதலாக வருகிறது என்ற முணுமுணுப்பும் கேண்டீனில் எப்போதும் உண்டு. முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

காயம் பட்டால் மெடல் உண்டா?

உண்டு, பராக்கிரம் பதக். எதிரியின் நேரடிச் செயலால் காயம் பட்டிருக்க வேண்டும். வண்டி கவிழ்ந்து கால் உடைந்ததற்குக் கிடைக்காது. வெள்ளை ரிப்பன், நடுவே சிவப்புப் பட்டை. அந்தப் பட்டையைப் பார்த்தால் அந்த மனிதரிடம் 'எங்கே பட்டது?' என்று மட்டும் கேட்காதீர்கள். சொல்ல நினைத்தால் அவரே சொல்வார். காயத்துக்கான பென்ஷன் விவகாரம் தனி. அது மருத்துவக் குழு தீர்மானிக்கிற விழுக்காட்டைப் பொறுத்தது, இந்த மெடலைப் பொறுத்தது அல்ல.

ரிப்பனில் சின்ன உலோகப் பட்டி, இலை மாதிரி ஒன்று எல்லாம் இருக்கிறதே?

பட்டி என்றால் அது கிளாஸ்ப். ஒரே மெடலை வெவ்வேறு பகுதிகளில் செய்த பணிக்காகக் கொடுக்கும்போது, மெடலை மறுபடி கொடுக்காமல் இடத்தின் பெயரோ நடவடிக்கையின் பெயரோ பொறித்த பட்டியை ரிப்பனில் சேர்ப்பார்கள். சைன்ய சேவா மெடலில் 'ஹிமாலயா' இருக்கும். அமைதிப்படையில் போனவர்களின் ஸ்பெஷல் சர்வீஸ் மெடலில் 'ஸ்ரீலங்கா' இருக்கும். அதனால் மெடல் எண்ணிக்கை குறைவாக இருப்பவர் அதிக இடம் பார்த்தவராக இருக்கலாம்.

வீர விருதை இரண்டாம் முறை பெற்றால் அதற்கு 'பார்' என்பார்கள். இலை மாதிரி இருப்பது தாமரை இலை: மென்ஷன் இன் டிஸ்பாட்சஸ். மெடல் இல்லை, போர் அறிக்கையில் பெயர் குறிப்பிடப்பட்டதற்கான அடையாளம். ராணுவத் தலைமைத் தளபதியின் பாராட்டு அட்டையும் மெடல் கணக்கில் வராது, அதற்குத் தனி பேட்ஜ்.

எந்த வரிசையில் அணிவது?

இடது மார்பில், உயர்ந்தது பொத்தான் பக்கமாக. முதலில் வீரம் மற்றும் சிறப்புச் சேவை விருதுகள், பிறகு காயத்துக்கானது, பிறகு போர் மற்றும் களப்பணி மெடல்கள், அப்புறம் நீண்ட சேவையும் ஆண்டுவிழா மெடல்களும், கடைசியில் வெளிநாடும் ஐ.நா.வும். தினசரி உடையில் ரிப்பன் பட்டை மட்டும், அணிவகுப்புக்கு முழு மெடல், மெஸ் விருந்துக்குச் சின்ன அளவு மெடல். இடைவெளி தெரியாமல், ஒன்று மற்றொன்றின் மேல் லேசாக ஏறியபடி அட்டையில் வைத்துத் தைத்தால் ஆடாது. இந்தத் தையலை முதல் அணிவகுப்புக்கு முந்தின ராத்திரி செய்ய உட்காராதீர்கள்.

ஐ.நா. மெடலுக்கு ஏன் கடைசி இடம்?

வேறு அமைப்பு கொடுப்பது, அவ்வளவுதான். மதிப்புக் குறைவு என்று பொருள் இல்லை. காங்கோ, லெபனான், தெற்கு சூடான் என்று நீலத் தொப்பியோடு போனவர்கள் நிறையப் பேர். அமைதிப் பணியில் 90 நாள் இருந்தால் மெடல். அந்தப் பணியில் பரம் வீர் சக்ரா பெற்றவர் ஒரே ஒருவர்: கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா, 1961 டிசம்பர் 5, காங்கோ.

மெடலுக்குப் பணம் கிடைக்குமா?

வீர விருதுகளுக்கு மட்டும். 2017 ஆகஸ்ட் முதல் மத்திய அரசு உயர்த்திய மாதப் படி இது: பரம் வீர் சக்ரா 20,000 ரூபாய், அசோக சக்ரா 12,000, மகா வீர் சக்ரா 10,000, கீர்த்தி சக்ரா 9,000, வீர் சக்ரா 7,000, சௌர்ய சக்ரா 6,000, வீரத்துக்கான சேனா மெடல் 2,000. மாநில அரசுகள் தனியாக ஒரு தொகை கொடுக்கின்றன, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ரயில் பயணச் சலுகையும் உண்டு. உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அரசிதழ் நகலோடு போய்க் கேளுங்கள். போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தால் யாரும் தேடி வந்து கொடுக்க மாட்டார்கள். சியாச்சின் மெடலுக்கும் 20 ஆண்டு மெடலுக்கும் மாதப் படி கிடையாது.

மெடல்களைக் கடையில் வாங்கினார் என்கிறார்களே, அது மோசடியா?

பெரும்பாலும் இல்லை. தகுதி பதிவில் ஏறியதும் ரிப்பன் அணியலாம். உண்மையான மெடல் கையில் வருவதற்கு வருடக்கணக்கில் ஆவதுண்டு. அணிவகுப்பு அதுவரை காத்திருக்காது. அதனால் கன்டோன்மென்ட் பக்கம் உள்ள கடைகளில் நகலை வாங்கித் தைத்துக்கொள்வார்கள். ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்துப் பார்சலில் அசல் வந்தவர்களும் இருக்கிறார்கள். அசலா நகலா என்று தெரிய வேண்டுமானால் மெடலின் விளிம்பைப் பாருங்கள். அசலில் படை எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும்.

தகுதியே இல்லாமல், ராணுவத்தான் என்று நம்ப வைக்க அணிந்தால் அது குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 140-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 168. மூன்று மாதம் வரை சிறை.

அக்னிவீராகச் சேர்ந்தால் மெடல் உண்டா?

உண்டு. 2022-ல் வந்த திட்டத்திலேயே விருதுகளுக்குத் தகுதி உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நான்கு வருடத்தில் வெளியே வருபவருக்கு 9 ஆண்டு மெடல் எட்டாது. நிரந்தரமாக எடுக்கப்படும் 25 விழுக்காட்டில் வந்தால் மற்றவர்களைப் போலத்தான்.

சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். காரர்களுக்கும் இதே மெடல்களா?

வேறு. அவர்களுக்குக் காவல்துறை வரிசை மெடல்கள். அசோக சக்ரா வரிசை அவர்களுக்கும் பொது.

'ஆனரரி கேப்டன்' என்று பெயருக்கு முன்னால் போடுகிறார்களே, அது மெடலா?

மெடல் இல்லை, கௌரவ ரேங்க். நல்ல பதிவுள்ள சுபேதார், சுபேதார் மேஜர்களுக்குக் குடியரசு தினத்திலும் சுதந்திர தினத்திலும் கௌரவ லெப்டினன்ட், கௌரவ கேப்டன் பதவி வழங்குவார்கள். சிப்பாயாகச் சேர்ந்தவருக்கு இது பெரிய விஷயம். ஊரில் பிளெக்ஸில் 'ஆனரரி' என்ற வார்த்தையைச் சின்னதாகப் போடுவது பிளெக்ஸ் அடிப்பவர் வேலை.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய மெடல்கள் கிடைத்தன. எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்குப் பிடித்த கேள்வி இது. நட்சத்திர வடிவத்தில் ஆறு முனையோடு இருந்தால் இரண்டாம் உலகப் போர். நடுவில் பொறித்திருக்கும் எழுத்தைப் பாருங்கள்: பர்மா ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார் என்று இருக்கும். தமிழ்நாட்டு வீடுகளில் பர்மா ஸ்டார் அடிக்கடி கண்ணில் படும். அடர் நீல ரிப்பன், நடுவில் அகலமான சிவப்பு. கூடவே வட்ட வடிவத்தில் வார் மெடல், இந்தியா சர்வீஸ் மெடல் இருக்கலாம். காவி, வெள்ளை, பச்சை ரிப்பனோடு இருந்தால் அது 1947 சுதந்திர மெடல். சுதந்திரம் வந்தபோது தாத்தா படையில் இருந்தவர் என்று அர்த்தம். பூர்வி ஸ்டார், பஸ்சிமி ஸ்டார் இரண்டும் 1971: முன்னது கிழக்கு முனை, பின்னது மேற்கு முனை. சமர் சேவா ஸ்டார் இருந்தால் 1965.

அடுத்து, ஒரு பூதக்கண்ணாடி எடுத்து விளிம்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். எண், ரேங்க், பெயர், படைப்பிரிவின் சுருக்கம் கிடைக்கும். பெயரின் எழுத்து விசித்திரமாக இருக்கும். எழுதியவர் தமிழ் தெரியாதவர். எண்ணைத்தான் நம்ப வேண்டும். அந்த எண்ணோடும் டிஸ்சார்ஜ் சான்றிதழ் நகலோடும் அவருடைய படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதுங்கள். மதராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மதராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூர். வாரிசு என்பதற்கான சான்றையும் சேர்த்து அனுப்புங்கள்.

அப்பாவின் மெடலை நான் அணியலாமா?

நினைவஞ்சலி நிகழ்ச்சிகளில், இறந்தவரின் நெருங்கிய உறவினர் வலது மார்பில் அணியலாம். இடது பக்கம் சம்பாதித்தவருக்கு மட்டும்.

மெடலைப் பாலிஷ் போடலாமா?

பித்தளைப் பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். பக்கிளுக்குப் போட்ட பழக்கத்தில் நம் ஆட்கள் மெடலுக்கும் போடுவார்கள். தேய்க்கத் தேய்க்க விளிம்பில் உள்ள பெயர் மழுங்கும், மேலே சொன்ன தேடலுக்கு அப்புறம் வழியே இருக்காது. மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும். ரிப்பனை நனைக்க வேண்டாம், சாயம் ஓடும். கண்ணாடிச் சட்டத்தில் மாட்டினால் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்; அட்டையின் பின்பக்கம் படை எண், பெயர், சேர்ந்த வருடம், எந்த மெடல் எந்த இடத்துக்காக என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே உட்கார வைத்துக் கேட்டு எழுதுங்கள்.